பெரியபட்டினத்துப் பீங்கான்களுக்கு ஒரு காட்சிக்கூடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனாவின் பூஜியன் மாகாணத்திலுள்ள பழந்துறைமுக நகரமான சுவான்சோவுக்கு அண்மையில் சென்று வந்தேன். 1281ஆம் ஆண்டில் அங்கே சிவன் கோயில் இருந்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் அது. கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களில், கண்ணன் மருத மரங்களைச் சாய்க்கும் சிற்பத்தைக் கண்டபோது மெய்சிலிர்த்தது. அந்நகரின் விரிகுடாச் சேற்றிலிருந்து 1974இல் தோண்டியெடுத்த சோங் அரசமரபுக் காலத்து மரக்கலத்தை, அது சுமந்து வந்த மிளகு, நறுமணக் கட்டை முதலிய சரக்கின் எச்சங்களோடு பாதுகாத்து, பள்ளிப் பிள்ளைகளும் அருகில் நின்று பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கடல்வணிகத்தின் மறுமுனைகளில் ஒன்று நம் இராமநாதபுரம் கடற்கரை. பெரியபட்டினம் அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. அழகன்குளமோ அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய ரோமானிய வணிகத்துக்குச் சான்று தருகிறது. பெரியபட்டினத்திலேயே சிறியதொரு காட்சிக்கூடம் அமைத்து, அங்கே கிடைத்த பீங்கான்களையும் சுவான்சோ கல்வெட்டின் படியையும் ஒருசேர வைக்குமாறு தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தோண்டிய இடங்களில் வீடுகள் எழும்பும் முன்பே எல்லை குறித்துப் பலகை வைப்பது அதைவிட அவசரம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்