சொட்டும் வால்வை அடைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கீசர்களின் பராமரிப்பு குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, மின்கசிவையும் தெர்மோஸ்டாட் பழுதையும் நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால் பாதுகாப்பு வால்வைப் பற்றிய பேச்சை, "சொட்டினால் பிளம்பரை அழைத்து நிறுத்திவிடுங்கள்" என்ற ஒரே வரியில் முடித்துக்கொண்டது. அந்த வரியை நம்பி யாரும் வால்வை அடைத்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. கீசரின் அடியில், குளிர்நீர் நுழையும் இடத்தில் இருக்கும் பித்தளைப் பாதுகாப்பு வால்வின் சிறு மூக்கிலிருந்து காலைதோறும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு வேலையாக வந்த பிளம்பர் ஒருவர், நாங்கள் கேட்காமலேயே அந்த மூக்கில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி ஒரு மூடியை முறுக்கிவிட்டுப் போனார். தரை உலர்ந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். சில வாரங்கள் கழித்துச் சர்வீசுக்கு வந்த மெக்கானிக், அந்த மூடியைக் கண்டதும் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு முதலில் சுவிட்சை அணைத்தார்.

அவர் பதறியதில் நியாயம் இருக்கிறது. 25 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால், அது விரிந்து ஏறத்தாழ 400 மில்லி லிட்டர் கூடுதல் இடம் கேட்கும். வெந்நீர்க் குழாய் மூடியிருக்கிறது; வந்த வழியே திரும்பிப் போகவும் ஒருவழி வால்வு விடாது. நீரை அமுக்கிச் சுருக்குவது ஏறக்குறைய இயலாத காரியம் என்பதால், தொட்டிக்குள் அழுத்தம் மளமளவென்று ஏறுகிறது. பல கீசர்களில் 8 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு) அளவுக்கு அமைக்கப்பட்டிருக்கும் பாதுகாப்பு வால்வின் ஸ்பிரிங், அந்த அளவை எட்டியதும் பின்வாங்கிச் சிறிது நீரை வெளியே விடுகிறது. சூடேறும்போது சொட்டிப் பிறகு நின்றுவிடும் நீர், வால்வு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளமே அன்றிப் பழுது அன்று.

தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் துணைக் கட்-அவுட்டும் ஒருசேரக் கெட்டுப்போனால், மிஞ்சுவது இந்த வால்வு ஒன்றுதான். 8 பார் அழுத்தத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 175 டிகிரி வரை நீராகவே இருக்கும். அந்த நிலையில் தொட்டி பிளந்தால், நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகி, 1,600 மடங்குக்கும் மேலாக விரியும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்பியலாளர் டெனி பப்பான் தம்முடைய அழுத்தக் கலத்துக்கு எடை தொங்கவிட்ட ஒரு வால்வைப் பொருத்தியது இந்த ஆபத்தை அறிந்துதான். குக்கரின் வெயிட் வால்வை அடைக்கத் துணியாத நாம், கீசரில் மட்டும் எப்படித் துணிகிறோமோ தெரியவில்லை.

சூடாக்காத நேரத்திலும் சொட்டினால் அது வேறு கதை. உப்பு நீரின் சுண்ணாம்புப் படிவு வால்வு மூடும்போது பொருந்தி அமரும் இடத்தில் ஒட்டியிருக்கலாம், அல்லது வரும் நீரின் அழுத்தமே மிகையாக இருக்கலாம். முன்னதற்குப் புது வால்வும், பின்னதற்கு அழுத்தக் குறைப்பான் வால்வும்தான் தீர்வு. புது வால்வு தொட்டி தாங்கும் அழுத்தத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சொட்டுகிறது என்பதற்காக இன்னும் அதிக அழுத்தத்தில்தான் திறக்கும் வால்வை மாட்டுவதும் மூடி போடுவதும் ஒன்றுதான்.

படிவு இறுகினால் வால்வு திறக்காமலே போய்விடும் என்பதால், லீவர் உள்ள வால்வுகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை சோதிப்பது அவசியம். மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறிய பிறகு, லீவரைத் தூக்கிச் சிறிது நீரை வெளியேற்றி விட்டுவிட வேண்டும். நீரே வராவிட்டாலும், இரண்டு மூன்று முறை செய்தும் ஒழுகல் நிற்காவிட்டாலும் வால்வை மாற்றிவிடலாம். வெளியேறும் குழாய் கீழ்நோக்கிச் சரிந்து, ஆள் நிற்காத இடத்தில், முனை திறந்தபடியே முடிய வேண்டும். தொட்டிக்கும் பாதுகாப்பு வால்வுக்கும் இடையில் அடைப்பு வால்வு எதுவும் இருக்கவே கூடாது.

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்கு மட்டுமாவது திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்