ஓலை எங்கே வாசிக்க?

அன்பு ராணி,

முதலில் செய்தி. மூத்தவளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. பையன் நாகர்கோவில் பக்கம், பெங்களூரில் வேலை. இரண்டு பேரும் ஒரே ஆபீஸ், எல்லாவற்றையும் அவர்களே பேசி முடித்துவிட்டு எங்களிடம் சம்மதம் மட்டும் கேட்டார்கள். நல்ல பையன், கொஞ்சம் மெலிவு. கல்யாணத்துக்கு அப்புறம் சரியாகிவிடும், நம்ம பெரிய புஷ்பம் வீட்டுக்காரருக்குச் சரியானதுபோல. அண்ணனுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? உன் மருமகள் இன்னும் புட்டு அவிக்கக் கற்றுக்கொள்ளவில்லையா?

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியிலேயே நீ "ஏட்டி, நான் அப்பவே சொன்னேன்லா" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா போன வாரம் பேசினார். நகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மண்டபத்தைப் பற்றி இல்லை. "உங்க பக்கம் ஓலை எந்தக் கோயில்ல வாசிப்பீங்க?" அவ்வளவுதான் கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரைக் கேட்க? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க ஒரு கோயிலில் பெயர் இருக்கவேண்டும், எங்களுக்கு எந்தக் கோயிலிலும் பெயர் இல்லை. அவர்கள் லண்டன் மிஷன் வழி, நாம் சர்ச் மிஷன் வழி, 1947 செப்டம்பரிலேயே எல்லாரும் தென்னிந்தியத் திருச்சபை என்று ஒரே சபையாகிவிட்டோம் என்று ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்தோமே, அந்த ஒரே சபையில் எனக்கு ஒரு பெஞ்சு இல்லை.

சின்னவளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி பண்ணிட்டுப் போங்கம்மா" என்கிறாள். சட்டத்துக்கு அது போதும், எனக்குப் போதாது. என் பிள்ளை தேவ சந்நிதியில்தான் கையைக் கொடுக்கவேண்டும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேறு எதிலும்கூட இல்லை, என் கஷ்டமே அதுதான். சந்தேகம் இருந்தால் எப்போதோ நிம்மதியாக ஞாயிற்றுக்கிழமை தூங்கியிருப்பேன்.

நான் பின்வாங்கிப்போனேன் என்று ஊரில் பேச்சிருப்பது தெரியும். உன் சின்ன அத்தை சபை கூடிவருதலை விட்டுவிடாதே என்கிற எபிரெயர் 10:25-ஐ வசன எண்ணோடு வாட்ஸப்பில் அனுப்புகிறாள், கூடவே ஒரு ரோஜாப்பூ. பதில் போடுவதில்லை. ஜெபம் பண்ணாமல் இந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை என்று அவளுக்கு எழுதினால் பெருமையாகிவிடும். உனக்கு எழுதலாம். இவருக்கு ஸ்டென்ட் வைத்த ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் தனியாக இருந்தேன் என்று எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். தனியாக இல்லை ராணி. பக்கத்தில் இருந்தது யார் என்று எனக்குத் தெரியும், அதற்குமேல் எழுதமாட்டேன்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். கைப்பிடி அரிசி இன்னும் எடுத்துவைக்கிறேன். உலை வைக்குமுன் ஒரு பிடி அள்ளி அந்தப் பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் போடுவது, அம்மா செய்தது, ஆச்சி செய்தது, கை தானாகப் போகிறது. டப்பா நிறைந்தால் ஊரிலானால் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். இங்கே எங்கே கொட்ட? பக்கத்துத் தெரு முதியோர் இல்லத்தில் கொடுக்கிறேன். அங்கே இருக்கிற சமையல்காரம்மா "என்னக்கா, பொன்னியும் இட்லி அரிசியும் கலந்து கொண்டாறீங்க, எப்படி வேகும்?" என்று திட்டுகிறாள். நியாயமான கேள்வி. கோயிலில் ஒருவரும் கேட்டதில்லை.

சரி, முழுக்கதைக்கு வருகிறேன். சென்னைக்கு வந்ததும் நம்ம பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் போகிற கோயிலுக்குத்தான் போனோம். பாமாலை அதே ராகம், லெந்து தவக்காலத்தில் அதே கறுப்பு வெள்ளைச் சேலைகள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆராதனை முடிந்து டீ கொடுப்பார்கள். அங்கேதான் விசாரணை. எந்த ஊரு? அங்கே யாரு வீடு? ஓ, அவங்க பேத்தியா? வாங்க வாங்க. அப்புறம் இவர் பக்கம் திரும்பி, ஐயா எந்த ஊரு? திருப்பத்தூர் பக்கம் என்றார். அங்கே நம்ம ஆட்கள் கிடையாதே என்றார் கமிட்டியில் இருந்த ஒருவர். இவர் சிரித்துக்கொண்டே, "நாங்க காலனிங்க" என்றார். அந்த ஆள் முகம் சுளிக்கவில்லை, கெட்டவார்த்தை சொல்லவில்லை, இன்னொருவரைப் பார்த்துக் கையை உயர்த்தி "தம்பி, அந்த நோட்டீஸ் என்னாச்சு" என்று நகர்ந்துவிட்டார். இவர் டீயைக் குடித்து முடித்துத்தான் வைத்தார். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். பிறகு அந்த டீ நேரத்தில் மட்டும் வண்டியை எடுக்கப் போய்விடுவார். நான் சண்டை போட்டிருப்பேன், இவர்தான் விடவில்லை. கோயில் கமிட்டி எலெக்ஷன் வந்தபோது மட்டும் இரண்டு அணியும் வீடு தேடி வந்து, "ஐயா வீடு இதுதானே" என்று மரியாதையாகக் கேட்டார்கள். அந்த நோட்டீஸில் இருந்த பெருமாள்புரம் பெரியவர் படத்தைப் பார்த்தாயா நீ? மீசைக்குச் சாயம்!

அதோடு நின்றோம். அப்புறம் இவருக்கு உடம்புக்கு வந்த சமயத்தில் கீழ்வீட்டு அம்மா மூலமாக ஒரு பெந்தெகொஸ்தே சபை. அவர்களைப் பற்றிக் கேலியாக எழுதுவேன் என்று நீ எதிர்பார்ப்பாய், எழுதமாட்டேன். பாஸ்டர் வீட்டம்மா வாரக்கணக்கில் தூக்குவாளியில் ரசம் கொண்டுவந்தார், மிளகைத் தட்டிப்போட்ட ரசம். நம்ம கோயிலில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சபையில் இவரிடம் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து ஜெபம் பண்ணினார்கள். அங்கேயே இருந்திருப்பேன். ஆனால் நாள் போகப் போக, மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கவேண்டும், கம்மலைக் கழற்றவேண்டும் என்றார்கள். கம்மல் போகட்டும், அடகுக்கடைக்குப் போய்ப் போய்ப் பழகினதுதான். குழந்தையில் என் தலையில் தெளித்த தண்ணீர் தண்ணீரே இல்லை, இத்தனை வருஷம் நான் வாங்கிய திருவிருந்து திருவிருந்தே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? என் ஆச்சி வேறு யாரையா கும்பிட்டுச் செத்துப்போனாள்? ரசத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொரோனா காலத்தில் யூடியூப் ஆராதனை. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நடுவில் பல்பொடி விளம்பரம் வரும்.

இதையெல்லாம் கேட்டால் நான் ஏதோ புரட்சிக்காரி போல இருக்கும். இல்லை. கோயிலை விட்டு வெளியே வந்ததாலேயே ஒருத்தி யோக்கியமாகிவிட மாட்டாள் என்பதற்கு நம் சரித்திரமே சாட்சி. 1833-இல் கல்கத்தா பிஷப் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழியவேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கோபித்துக்கொண்டு வெளியே போனது யார்? சாதியை விடமாட்டோம் என்றவர்கள். அவர்களும் விசுவாசிகள்தான், வசனம் நன்றாகத் தெரிந்தவர்கள். உங்கள் தாத்தா ஊர்ப்பக்கத்துச் சட்டம்பிள்ளையைப் பார். நாசரேத்தில் மிஷனரியோடு முறைத்துக்கொண்டு 1857-இல் பிரகாசபுரத்தில் தனிச்சபை, வெள்ளைக்காரன் வாடையே வேண்டாம் என்று சனிக்கிழமை ஓய்வுநாள், யூதர்களைப்போலப் பண்டிகைகள். தைரியமான மனிதர். ஆனாலும் வெளியே வந்ததும் அவர் முதலில் செய்தது இன்னொரு சபை கட்டியதுதான். தனியாக உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டு இருந்துவிட அவராலும் முடியவில்லை.

என்னாலும் முடியவில்லை ராணி. தனியாக ஜெபிக்கும்போது எனக்குப் பிடிக்காதவர்களுக்காக ஜெபிக்க மறந்துபோகிறது. கோயிலில் பக்கத்தில் நின்று இருமுகிற ஆளுக்கு, முன்னால் நிற்கிற அந்தக் கமிட்டிக்காரருக்கு, சேர்ந்து ஜெபித்தே ஆகவேண்டும், தப்பிக்க வழியில்லை. வீட்டில் என் பாட்டை நானே தேர்ந்தெடுத்து, என் வேகத்தில் பாடி, நான் விரும்பிய இடத்தில் ஆமென் சொல்லி முடித்துக்கொள்கிறேன். சௌகரியமாக இருக்கிறது, அந்தச் சௌகரியம்தான் பயமாக இருக்கிறது. கோயில் அசன விருந்தில் ஓலைப்பாயில் சோற்றைக் கொட்டி, ஆவி பறக்க வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போவார்களே, நீயும் நானும் கறிக்குழம்பு வரும் வரிசையாகப் பார்த்து இடம் மாறி உட்கார்ந்து வார்டனம்மாவிடம் அடி வாங்கினோமே, அந்தப் பந்தியிலேயே யார் யாரோடு உட்கார்ந்தார்கள், யார் கடைசியில் உட்கார்ந்தார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அப்போது குழம்பு மட்டும்தான் கண்ணில் பட்டது.

போன மாதம் இவரோடு திருப்பத்தூர் போயிருந்தேன். கிறிஸ்துகுல ஆசிரமம் கேள்விப்பட்டிருப்பாய். 1921-இல் நம்ம சவரிராயன் ஏசுதாசனும் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் ஆரம்பித்தது. இரண்டு பேரும் டாக்டர், இரண்டு பேரும் கல்யாணம் செய்யவில்லை. ஒருவர் பெரியண்ணன், இன்னொருவர் சின்னண்ணன், வேறு பட்டம் கிடையாது. இவருடைய அப்பா சின்னப்பிள்ளையாக அந்த ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கியவர். ஜெபாலயத்துக்குக் கோபுரம், கல்தூண். வெறுந்தரையில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. இவர்தான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்.

பஸ் பிடித்து இவருடைய ஊருக்குப் போனோம். கோயில் என்றால் ஓட்டுக் கட்டிடம்தான், மைக் இல்லை, அதுவே ஒரு ஆசீர்வாதம். ஆராதனை முடிந்து ஒரு கிழவி என் தாடையைப் பிடித்து, "இவன் பொஞ்சாதியா? இத்தினி வருசம் எங்கடி இருந்தே?" என்றாள். நான் எந்த ஊர் என்று அவளும் கேட்டாள். சொன்னேன். "தூரம்தான்" என்றாள், முடிந்தது விசாரணை.

நேற்று அந்த ஊர் உபதேசியார் ஃபோனில், இவருடைய ஞானஸ்நானம் அங்கே ரிஜிஸ்டரில் இருக்கிறது, போதகர் ஐயாவிடம் பேசிவிட்டேன், சங்கக் காணிக்கையைக் கட்டிப் பெயரை எழுதிவிட்டால் ஓலை வாசித்துவிடலாம் என்றார். பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். "வந்து குடுங்கம்மா, அவசரமில்ல. ஆனா ஓலை வாசிக்கிற ஞாயிறு நீங்க வந்து உட்காரணும்" என்றார். மூன்று ஞாயிறும் ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறவேண்டும். அதற்கப்புறம் நாலாவது ஞாயிறு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அத்தனை தூரம் வாராவாரம் போக முடியாது. அங்கேயும் போகப் போக என்னென்ன கிளம்புமோ, அணி இல்லாத ஊரா? சம்பந்தியம்மாவிடம் ஊர்ப்பெயரைச் சொன்னேன். கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஆவட்டும்" என்றார். அந்த "ஆவட்டும்" எப்படிப்பட்டது என்று கல்யாணத்துக்குள் தெரிந்துவிடும்.

இரண்டாவது ஞாயிறு நீ வரவேண்டும். அண்ணனைத் தொந்தரவு செய்யாதே, நீ மட்டும் வா, ஹாஸ்டல் கொயரில் உன்னை எங்கே நிறுத்தினார்களோ அங்கேயே கடைசி வரிசையில் நிறுத்தி வைக்கிறேன். வரும்போது கருப்பட்டி, அந்தப் பழைய கடையில் வாங்கு. பதிலை எழுதி அனுப்பு. வாய்ஸ் நோட் வேண்டாம், உன் வாய்ஸ் நோட்டில் பாதி குக்கர் விசில்தான் கேட்கிறது.

உன்
சீனிக்கிழங்கு