ஒரு படத்துக்கு ஏழு தாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போனபோது, அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பேத்தியைப் படம் எடுத்தேன். ஏற்காட்டில் எங்கள் வீட்டு பிரிண்டரிலேயே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏழாவது கிளாஸி (பளபளப்பான போட்டோ) தாளில்தான் படம் உருப்படியாக வந்தது.

முதல் தாளைப் பக்கம் மாற்றி வைத்துவிட்டேன். பின்பக்கத்தில் மை ஊறவே இல்லை, சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் நிற்கிற மாதிரி திட்டுத் திட்டாக நின்றது, துடைக்கப் போய் சட்டையும் வீண். அடுத்ததில் தாள் வகை செட்டிங் பிளெய்ன் பேப்பரிலேயே (சாதாரணத் தாள்) இருந்திருக்கிறது. கறுப்பு ஒட்டாமல் விரலோடு வந்தது. மூன்றாவது முழுக்கக் குறுக்குக் கோடு. பல வாரம் பிரிண்டரைத் தொடாததில் மை தெளிக்கும் நுண்துளைகள், அதாவது நாசில், காய்ந்து அடைத்திருந்தது. சாதாரணத் தாளில் நாசில் செக் என்கிற சோதனைப் பக்கம் ஒன்று போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பதற்றத்தில், மையை உறிஞ்சி அடைப்பை எடுக்கும் ஹெட் கிளீனிங்கை அடுத்தடுத்து மூன்று முறை கொடுத்தேன். அங்கேதான் மை போகிறது. உறிஞ்சிய மை எல்லாம் உள்ளே இருக்கும் பஞ்சில் போய்ச் சேரும், அது நிரம்பினால் பிரிண்டரே நின்றுவிடும். இப்போது வாரம் ஒரு தடவை சின்னதாக ஒரு கலர் பக்கம் போட்டுவிடுகிறேன், அடைப்பே இல்லை.

நான்காவதும் ஐந்தாவதும் இருட்டடித்து வந்தன. குற்றம் பிரிண்டரில் இல்லை, நான் திரையின் வெளிச்சத்தை முழுசாக வைத்துப் பார்த்ததுதான். இப்போதெல்லாம் முகம் இருக்கும் இடத்தை மட்டும் ஒரு பட்டையாக வெட்டி, வீணான தாளின் காலி ஓரத்தில் முதலில் போட்டுப் பார்க்கிறேன்.

ஆறாவது கதை எங்கள் மலைக்கே உரியது. இங்கே மழை மாதங்களில் மேகம் ஜன்னல் வழியாகவே வீட்டுக்குள் வந்துவிடும். பிரித்த பாக்கெட்டை அலமாரி மேல் அப்படியே வைத்திருந்தேன். ஈரத்தில் தாளின் ஓரம் சுருண்டு, ஹெட் உரசி மை இழுத்துவிட்டது. ஜிப் வைத்த கவரில், மருந்து டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலத்தோடு வைப்பதே சரி.

அப்புறம், 4×6 அங்குலப் படம் நான்கு ஒரு ஏ4 தாளில் அடங்கும் என்று நினைக்காதீர்கள், நீளத்தில் கிட்டத்தட்ட 8 மி.மீ. இடிக்கும். கொஞ்சம் சுருக்கினால் நான்கும் வரும். பாஸ்போர்ட் படம் 35×45 மி.மீ. என்றால் ஒரு 4×6 தாளில் எட்டு.

தாள் விற்கிற கம்பெனிகளுக்கு ஒன்று கேட்கிறேன். நான் வாங்கிய பாக்கெட்டில் எத்தனையோ மொழியில் எழுதியிருக்கிறது, தமிழில் ஒரு எழுத்து இல்லை. எந்தப் பக்கம் அச்சிடுவது, எந்த செட்டிங், பிரித்தபின் எப்படி மூடி வைப்பது என்று மூன்று வரி போட அட்டையில் இடமா இல்லை?

இப்படிக்கு,
வாசகர், ஏற்காடு