வாசகர் வட்டம் ஆண்டறிக்கை: கிருஷ்ணபிள்ளையோட நடந்த ஒரு வருஷம்

கர்த்தருக்குள் பிரியமான போதகர் ஐயா அவர்களுக்கும், அண்ணாச்சிமார் அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாங்க, நான் இந்த வருஷம் நாம படிச்சது நமக்குள்ள என்ன செஞ்சுதுங்கறத மட்டும் சொல்றேன்.

போன பொதுக்குழுவுல ஒரே எழுத்தாளர எடுத்து வருஷம் பூரா படிப்போம்னு முடிவாச்சு, எடுத்தது நம்ம நெல்லைச் சீமை கிறிஸ்தவக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827ல கரையிருப்புல வைணவக் குடும்பத்துல பிறந்தவரு, கம்பன்லயும் ஆழ்வார் பாட்டுலயும் ஊறுனவரு, சாயர்புரத்துல தமிழ் சொல்லிக்குடுத்தவரு, 1858ல சென்னையில ஞானஸ்நானம் எடுத்தாரு. அவர இயேசு பக்கம் திருப்புனதுல, இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் பன்யன் எழுதுன மோட்சப் பிரயாணம்ங்கற கதைக்கும் பங்கு உண்டு. படிச்சு ரசிச்சதோட விடல, வருஷக்கணக்கா உழைச்சு அதையே இரட்சணிய யாத்திரிகம்னு தமிழ்க் காப்பியமா பாடி 1894ல கொண்டுவந்தாரு. விசுவாசம் மாறுச்சு, ஆனா அதுவரைக்கும் நெஞ்சுல இருந்த தமிழ அவரு தூக்கி எறியல, அதே தமிழ்லதான் இயேசுவ பாடுனாரு, எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது இதுதான்.

செய்யுள் கஷ்டமா இருக்குன்னு ஆரம்பத்துல சிலபேரு வர்றத நிறுத்திட்டாங்க, அப்புறம் பன்யனோட கதைய முதல்ல உரைநடையில வாசிச்சுட்டு பாட்டுக்குப் போனோம், திரும்ப வந்தாங்க. சந்தேகக் கோட்டையில விரக்தி அரக்கன் அடைச்சு வச்சிருக்கிற பகுதி வந்தப்ப, வாக்குத்தத்தம்ங்கற சாவி தன் மடியிலயே இருந்தது கதாநாயகன் கிறிஸ்தியானுக்கு ஞாபகம் வருமில்லையா, அன்னைக்கு வீட்டுக்காரர இழந்த ஒரு அக்கா எந்திரிச்சு, "நான் ஜெபம் பண்றதையே விட்டுட்டேன், இந்த வாரம்தான் திரும்ப சங்கீதம் வாசிக்க ஆரம்பிச்சேன்"னு சாட்சி சொன்னாங்க. அவங்க சம்மதத்தோடதான் இத எழுதுறேன்.

வேதாகமம் இருக்கும்போது இதெல்லாம் எதுக்குன்னு ஒரு அண்ணாச்சி கேட்டாங்க, நியாயமான கேள்விதான். பன்யனே பதில் சொல்றாரு. பாத்திரம் பண்டம் அடைக்கிற தொழில் செஞ்சவரு, பிரசங்கம் பண்ணதுக்காக பெட்ஃபோர்டு ஜெயில்ல 12 வருஷம் கெடந்தவரு, காயப்பட்ட மனசாட்சிக்கு வேதாகமத்துக்கு அடுத்தபடியா, சபைச் சீர்திருத்தம் செஞ்ச மார்ட்டின் லூத்தர் பவுலோட கலாத்தியர் நிருபத்துக்கு எழுதுன விளக்கவுரையத்தான் சொல்றாரு. லூத்தர் பன்யன பவுல்கிட்ட கூட்டிப்போனாரு, பன்யன் கிருஷ்ணபிள்ளைய சிலுவைகிட்ட கூட்டிப்போனாரு. நல்ல எழுத்தாளர் தன்கிட்ட நம்மள நிறுத்தி வைக்கமாட்டாரு, அங்கயே நின்னுட்டோம்னா நாம சரியா படிக்கலன்னுதான் நான் நினைக்கிறேன்.

அதனால வர்ற வருஷம் கலாத்தியர் நிருபத்த எடுக்கலாம்னு கமிட்டி சொல்லுது, பொதுக்குழு சம்மதிக்கணும். இரட்சணிய யாத்திரிகத்துல குமார பருவம்ங்கற பகுதிய வாலிபர்கள் ராகத்தோட பாடி ரெக்கார்ட் பண்ணித் தர்றோம்னு இருக்காங்க, கண்ணு தெரியாத பெரியவங்களுக்கு வீட்டுல போய் போட்டுக்காட்டலாம். புத்தகத்த வாங்கிட்டுப் போனவங்க அடுத்த கூட்டத்துக்குள்ள திருப்பிக் குடுத்துருங்க, பின்னால பேரு குடுத்து காத்திருக்காங்க.