சான்றிதழ் சரி, கையெழுத்து யார் போடுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலோர மாவட்டம் ஒவ்வொன்றிலும் இளைஞர்களைச் சேர்த்துத் தன்னார்வப் படகுப் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும், இரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் சீருடையும் வழங்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். யோசனை நல்லதுதான். அந்த 'இரண்டு நாள்' மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தூத்துக்குடிக்காரி. அம்மாவைப் பெற்ற தாத்தா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக இருந்தவர். பெண்பிள்ளை என்பதால் என்னை ஒருநாளும் அந்தத் தோணியில் ஏற்றியதில்லை. கடைசியில் நான் படகு ஓட்டக் கற்றுக்கொண்டது அமெரிக்காவில், மேரிலாந்து மாநிலத்து அன்னாபொலிஸில், 46 வயதில். இங்கே கடலோரக் காவல் படைக்குத் தன்னார்வத் துணைப்படை ஒன்று உண்டு. 1939இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கியது. எங்களுக்குச் சம்பளம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, யாரையும் கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. சொந்தப் படகை எடுத்துக்கொண்டு ரோந்து போவோம். படகுத்துறையில் மற்றவர்களின் படகை இலவசமாகச் சோதித்துக் குறை சொல்லுவோம். இதன் உள்ளூர்க் கிளை ஒன்றில் ஆறு வருடமாக உறுப்பினர் பயிற்சி என் பொறுப்பு.

பொறுப்பு என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். நவம்பர் முதல் மார்ச் வரை படகுகளெல்லாம் கரையேறிவிடும். அந்த மாதங்களில் வாடகைக் கூடம் ஒன்றில் மடக்கு நாற்காலிகளை விரித்துப்போட்டு, நாற்காலிக் காலில் கயிறு கட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி என்று கலவையான கூட்டம். போலைன் என்கிற, இறுகாத வளைய முடிச்சை எல்லோரும் முதல் நாளே போட்டுவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கயிற்றில், பக்கத்தில் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது போடச் சொன்னால்தான் யாருக்கு வருகிறது என்று தெரியும்.

புதிதாக வருகிறவர்களால் எனக்குத் தொல்லை இல்லை. நாற்பது வருடம் படகு ஓட்டியவர்களால்தான் தொல்லை. வகுப்புக்கு வர மாட்டார்கள், "எனக்குத் தெரியாததா" என்பார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம், "சரி, அடுத்த வாரம் நீங்களே பாடம் எடுங்களேன்" என்றேன். பாய்மரப் படகுக்கு எப்போதும் மற்றவர்கள்தான் வழிவிட வேண்டும் என்று தொடங்கினார். மாணவி புத்தகத்தைப் புரட்டி, படகுகள் மோதாமல் இருக்க வகுத்த விதிகளில் 13ஆவதை வாசித்தாள். பாய் விரித்திருந்தாலும் சரி, எஞ்சின் ஓடினாலும் சரி, முந்திப்போகிற படகுதான் விலகிப் போக வேண்டும். பெரியவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு வகுப்பைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

தண்ணீருக்குள் ஆள் விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பொம்மை வைத்திருக்கிறோம். பெயர் ஆஸ்கர். சமிக்ஞைக் கொடிகளில் 'ஓ' எழுத்துக்குரிய கொடிக்கு 'ஆள் கடலில் விழுந்துவிட்டார்' என்று பொருள், அந்தக் கொடியை வானொலியில் சொல்லும் பெயர்தான் ஆஸ்கர். பழைய மேலுடைக்குள் பால் கேன்களைத் திணித்துத் தைத்தது. எதிர்பாராத நேரத்தில் அதைத் தூக்கித் தண்ணீரில் போடுவேன். முதல் தடவை எல்லோரும் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்வார்கள். ஒருவர் எஞ்சினைப் பார்ப்பார், ஒருவர் கயிற்றைத் தேடுவார், இரண்டு பேர் ஒருவரையொருவர் அதட்டுவார்கள். ஆஸ்கரைப் பார்க்க ஆள் இருக்காது. சின்ன அலை இருந்தாலே போதும், தேங்காய் அளவுத் தலை சில நொடிகளில் மறைந்துவிடும். ஆகவே ஒருவருக்கு ஒரே வேலைதான் கொடுப்போம். கையை நீட்டிச் சுட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கக் கூடாது, வேறு எதையும் தொடக் கூடாது. குழுவில் யார் அதிகம் பேசுகிறாரோ அவருக்கு இந்த வேலையைக் கொடுப்பது என் வழக்கம்.

இதெல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கும். நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும்.

எங்கள் முறையில் பயிற்சி பெறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் உண்டு. கயிறு வீசுவது, நங்கூரம் போடுவது, பழுதான படகை இழுத்து வருவது என்று ஒவ்வொரு வேலைக்கும் எதிரே கையெழுத்துக்கும் தேதிக்கும் இடம் விட்டிருக்கும். கற்றுக்கொடுப்பவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் நிரம்பிய பின் வேறொருவர் வந்து தேர்வு வைப்பார். ஒரு வருடம் அக்டோபர் கடைசியில், நண்பர் ஒருவருக்கு இழுவைப் பக்கம் மட்டும் பாக்கி இருந்தது. காற்றில்லாத நாளில் ஒரு தடவை செய்து காட்டியிருந்தார். இன்னொரு தடவையும் செய்ததாகச் சொன்னார், அப்போது நான் படகில் இல்லை. குளிருக்குப் பயந்து புளோரிடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், மழை வேறு. போட்டுவிட்டேன்.

தேர்வு நடந்த அன்றும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததாம், தேறிவிட்டார். மறு ஜூலையில் செசபீக் விரிகுடாப் பாலத்துக்குக் கொஞ்சம் வடக்கே, எஞ்சின் நின்றுபோன ஒரு படகை இழுக்க வேண்டி வந்தது. பிற்பகல் காற்று எழும்பியிருந்தது. நண்பர்தான் ஓட்டினார், நானும் கூட இருந்தேன். இழுகயிறு தளர்ந்து தண்ணீரில் கிடந்த நேரத்தில் எஞ்சினைப் பின்னுக்குப் போட்டார். கயிறு, படகைத் தள்ளும் சுழலியில் சுற்றிக்கொண்டது. அதுவரை ஒரு படகு அனாதையாக மிதந்தது, இப்போது இரண்டு. நீரோட்டம் பாலத்துத் தூண்கள் பக்கமாகத் தள்ளியது. கயிறு அறுக்கும் கத்தி பெட்டிக்கு அடியில், சாப்பாட்டுப் பைகளுக்குக் கீழே கிடந்தது. இந்த விரிகுடாவின் சராசரி ஆழம் 21 அடிதான் என்பது அன்று எங்களைக் காப்பாற்றியது. நங்கூரம் போட்டதும் பிடித்துக்கொண்டது. யாருக்கும் அடிபடவில்லை. படகுக்காரர் தன் இரண்டு பிள்ளைகளோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. நண்பர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்தது என் கையெழுத்து.

அதிலிருந்து மூன்று வெவ்வேறு நாட்களில், அதில் ஒரு நாளாவது காற்றடிக்கும்போது, என் கண் முன்னால் செய்தால்தான் பேனாவை எடுப்பேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்கள். போகட்டும்.

பயிற்சி ஒரு தடவையோடு முடிவதும் இல்லை. குழுவில் இருப்பவர் வருடத்துக்குக் குறைந்தது 12 மணி நேரமாவது ரோந்திலோ பயிற்சியிலோ தண்ணீரில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் போன வருடத் தகுதி இந்த வருடம் செல்லாது. அப்புறம், கிளம்புவதற்கு முன் படகில் இருக்கும் ஒவ்வொருவரும் ஆபத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் ஆறு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து வரை. கூட்டினால் 23க்குள் பச்சை, 45ஐ எட்டினால் சிவப்பு. இதில் எனக்குப் பிடித்தது, கடைசியாகச் சேர்ந்தவரும் போட வேண்டும் என்பதுதான். ஒருநாள் அந்தக் கல்லூரி மாணவி 'ஆட்களின் களைப்பு' என்ற இடத்தில் ஒன்பது போட்டாள். ஏன் என்றோம். "படகுத் தலைவர் காலையிலிருந்து ஏழு தடவை கொட்டாவி விட்டார்" என்றாள். அன்று படகை அவிழ்க்கவில்லை. பெரியவர்கள் முன்னால் வாயைத் திறக்காதே என்று வளர்க்கப்பட்டவள் நான். அவள் வயதில் எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருக்காது.

நம் ஊருக்கு வருகிறேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். 2014 குடியரசு தினத்தன்று அந்தமானில் 21 பேர், பெரும்பாலும் காஞ்சிபுரத்துக்காரர்கள். ஒவ்வொரு முறையும் லைஃப் ஜாக்கெட் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அமெரிக்காவில் 2023இல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள், மூழ்கி இறந்தவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. ஆனால் அதைப் போடச் சொல்லி ஒருவரோடு மல்லுக்கட்டுவதற்கும், "இத்தனை பேரோடு இந்தப் படகு கிளம்பாது" என்று சொல்லுவதற்கும் பழக்கம் வேண்டும். சீருடை போட்ட மறுநாளே அது வந்துவிடாது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு நாளைவிட எவ்வளவோ மேல். படகுக் குழு அமைக்கிறவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். அடுத்த வருடம் அதே இளைஞனைத் தண்ணீருக்கு அழைத்துப்போய், மறந்துவிட்டானா என்று பார்ப்பது யார்? மறந்திருந்தால் "நீ இப்போதைக்குக் கரையில் இரு" என்று சொல்லுவது யார்? மாமன் மகன், ஒரே தெரு என்று வந்துவிட்டால் அதைச் சொல்ல நம்மால் முடியாது. தேர்வு வைக்கிறவர் வேறு ஊர்க்காரராக இருக்கட்டும். அதற்கு ஆள் தேடி அலையவும் வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களுக்குள் படகைக் கொண்டுவந்து மக்களை மீட்ட மீனவர்களைப் பார்த்தோமே, அவர்களில் மூத்தவர்களைக் கூப்பிட்டுப் போக்குவரத்துச் செலவும் மரியாதையும் கொடுங்கள்.

தாத்தா படிக்கத் தெரியாதவர். தோணியில் சமையலுக்கு வந்த பையனைச் சுக்கான் பிடிக்க விடுவதற்கு வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று அம்மா சொல்லுவாள். ஏன் இன்னும் விடவில்லை என்று கேட்டால், "ராத்திரி நான் தூங்கணும்லா" என்பாராம்.

ஜனவரியில் ஒரு மாதம் ஊரில் இருப்பேன். யாராவது குழு தொடங்கியிருந்தால், எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லித்தர வருகிறேன். பொம்மையை நீங்களே தைத்துக்கொள்ளலாம். பால் கேனுக்குப் பதில் காலி எண்ணெய்க் கேன் போதும், முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்குங்கள், தலை மட்டும் வெளியே தெரியும்.

இப்படிக்கு,
தூத்துக்குடித் தண்டலின் பேத்தி,
அன்னாபொலிஸ், மேரிலாந்து.