டூத் பிரஷ் விற்று வென்ற பட்டம்: ஒரு தமிழ் நூலுக்கு உங்கள் பங்கு வேண்டும்

அன்புடையீர்,

வணக்கம். 1972 மார்ச்சில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த இம்மாக்குலாட்டா என்ற சிறிய கத்தோலிக்க மகளிர் கல்லூரி, பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் பட்டத்தை வென்றது. அந்த 1971–72 பருவத்தைப் பற்றி வளரிளம் வயதினர் படிக்கும்படி தமிழில் ஒரு நூலை எழுதி முடித்திருக்கிறோம். அதை அச்சிட்டு, மாணவிகள் கூடைப்பந்து ஆடும் பள்ளிகளுக்கும் விளையாட்டு விடுதிகளுக்கும் விலையின்றி அனுப்பப்போகிறோம். அதற்கான செலவில் உங்களால் இயன்ற பங்கைக் கேட்டுத்தான் இந்த மடல்.

நாங்கள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். முன்னாள் ஆட்டக்காரர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், ஒரு நூலகர், கணக்கைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் என்று சேர்ந்த சிறு குழு. பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல. ஆகவே வருமான வரிச் சலுகைக்கான சான்று எங்களால் தர இயலாது. அது வேண்டும் என்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, படித்தால் மகிழ்ச்சி.

உலகில் எத்தனையோ அணிகள் இருக்க, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்த அணி எதற்கு என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். பதில் அந்த அணியின் வரவு செலவில் இருக்கிறது.

1967-இல் அந்தக் கல்லூரியின் உள்ளரங்கம் தீப்பிடித்து அழிந்தது. பட்டம் வென்ற பருவத்தில் அவர்களுக்குச் சொந்த ஆடுகளமே கிடையாது. அருட்சகோதரிகளின் மடத்தில் இருந்த இடத்தில்தான் பயிற்சி. 1970-இல் பயிற்சியாளராக வந்த கேத்தி ரஷ்ஷுக்கு இருபதுகளின் தொடக்க வயது. ஒரு பருவம் முழுவதற்கும் அவருக்குத் தரப்பட்ட ஊதியம் 450 டாலர். அணியின் நடு ஆட்டக்காரர் தெரசா ஷாங்க், வேறொரு கல்லூரிக்குப் போக வேண்டியவர். குடும்பத்தின் வீடு தீக்கிரையானதால், வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய இம்மாக்குலாட்டாவில் சேர்ந்தார். ஆக, ஒரு தீ ஆடுகளத்தைப் பறித்தது. இன்னொரு தீ ஆட்டக்காரரைக் கொண்டுவந்து சேர்த்தது. இதில் தெய்வச் செயலைக் காண்பவர்கள் உண்டு. அந்த விசாரணைக்கு நாங்கள் போகவில்லை.

சீருடை என்றால் இன்றைய கையில்லாச் சட்டையும் கால்சட்டையும் அல்ல. கம்பளித் துணியில் தைத்த, மடிப்பு வைத்த டியூனிக். அதை அணிந்துகொண்டு முழுக் களத்தையும் ஓட வேண்டும். அதுவே அப்போது புதிது. அதுவரை பெண்கள் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர்; அவர்களில் பெரும்பாலோர் களத்தின் ஒரு பாதியைத் தாண்டக் கூடாது. பெண்ணின் உடல் அவ்வளவு ஓட்டத்தைத் தாங்காது என்ற எண்ணம் அந்த விதிகளின் அடியில் இருந்தது. 1971-இல்தான் ஐந்து பேர், முழுக் களம் என்ற முறை பெண்களுக்கும் அதிகாரபூர்வமாக வந்தது. ரஷ்ஷின் கணவர் எட் ரஷ், தொழில்முறைக் கூடைப்பந்தின் நடுவர். ஆண்கள் ஆட்டத்தில் வழங்கிய தடுப்பு முறைகளையும் நகர்வுகளையும் ரஷ் கூச்சமின்றி எடுத்துத் தம் பெண்களுக்குப் பழக்கினார். விதி மாறிய ஆண்டிலேயே, மாறிய விதிக்குத் தயாராக நின்ற அணி அது. வெற்றிக்குக் காரணம் தேடுபவர்கள் ஜெபமாலையைக் காட்டும் அளவுக்கு இதைக் காட்டுவதில்லை என்பது எங்கள் வருத்தம்.

ஜெபமாலையும் இருந்தது, மறைப்பானேன். அருட்சகோதரிகள் கூட்டமாக வந்து அமர்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். ரெனி மூத் என்ற ஆட்டக்காரரின் தந்தைக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. அவர் கடையிலிருந்து தகர வாளிகளைக் கொண்டுவந்து கொடுக்க, ரசிகர்களும் சகோதரிகளும் கட்டையால் அவற்றை அடித்து அரங்கத்தை அதிரவைத்தார்கள். எதிரணிகள் அந்தச் சத்தத்தை எப்படிச் சகித்துக்கொண்டனவோ.

இப்போது அந்த மார்ச் மாதத்துக்கு வருகிறோம். வட்டாரப் போட்டியின் இறுதியில் பக்கத்துக் கல்லூரியான வெஸ்ட் செஸ்டர் ஸ்டேட் அவர்களை 70–38 என்று வீழ்த்தியது. அந்தப் பருவத்தில் அவர்கள் கண்ட ஒரே தோல்வி அதுதான், ஆனால் 32 புள்ளி வித்தியாசம். அப்படித் தோற்றும் தேசியப் போட்டிக்கு இடம் கிடைத்தது. பதினாறு அணிகளில் தரவரிசை பதினைந்து. போட்டி நடந்த இடம் இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரம். பென்சில்வேனியாவிலிருந்து விமானத்தில் போகவேண்டிய தூரம். கல்லூரியிடம் அதற்கென்று ஒதுக்கிய பணம் கிடையாது.

மாணவிகள் டூத் பிரஷ் விற்றார்கள். கல்லூரி நிர்வாகம் தன் பங்குக்குப் பணம் திரட்டியது. சேர்ந்த தொகை எட்டுப் பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. அணியில் இருந்ததோ பதினொரு பேர். மூன்று பேர் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். போன எட்டுப் பேருக்கும் உறுதியான இருக்கை இல்லை. மற்ற பயணிகள் ஏறிய பிறகு இடம் மிஞ்சினால் ஏற்றிக்கொள்ளும் டிக்கெட்டில் போனார்கள்.

இந்த இடத்தைக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பருவம் முழுக்க ஒன்றாக ஓடிய மூவர், திறமைக் குறைவால் அன்றி டிக்கெட் விலையால் விடுபட்டார்கள். அவர்கள் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று கற்பனை செய்து நாங்கள் எழுதவில்லை. பணம் குறையும்போது ஓர் அணியில் யார் விடுபடுகிறார்கள், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் படிக்கும் பிள்ளைகள் முன்னால் வைத்திருக்கிறோம். வெளியூர்ப் போட்டிக்குப் போக முடியாமல் பெயர் அடிக்கப்பட்ட அனுபவம் எங்கள் குழுவிலேயே இருவருக்கு உண்டு.

நார்மல் நகரில் நான்கு ஆட்டங்கள். சவுத் டகோட்டா ஸ்டேட், இந்தியானா ஸ்டேட் இரண்டையும் வென்றார்கள். அரையிறுதியில் முந்தைய ஆண்டின் தேசிய வெற்றியாளரான மிசிசிப்பி மகளிர் கல்லூரியை 46–43 என்று தாண்டினார்கள். இறுதி ஆட்டம் மார்ச் 19 அன்று. எதிரே நின்றது மறுபடியும் வெஸ்ட் செஸ்டர். கேத்தி ரஷ் படித்த கல்லூரியும் அதுவே. சில நாட்களுக்கு முன்பு 32 புள்ளியில் தோற்ற அணி, இம்முறை 52–48 என்று வென்றது. அந்த 52-இல் சரிபாதி, 26 புள்ளிகள், தெரசா ஷாங்க் எடுத்தவை. பெண்கள் கல்லூரி விளையாட்டுக்கென்று புதிதாக அமைந்த தேசியச் சங்கம் நடத்திய முதல் கூடைப்பந்துப் பட்டம் அது. அடுத்த ஆண்டு ஒரு தோல்வியும் இல்லாமல் மீண்டும் பட்டம், 1974-இலும் பட்டம். 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குயின்ஸ் கல்லூரியோடு அவர்கள் ஆடியதைப் பார்க்கக் கிட்டத்தட்ட 12,000 பேர் திரண்டார்கள். அந்த அரங்கில் நடந்த முதல் பெண்கள் கல்லூரி ஆட்டம் அது.

பல சொல்லல்களில் கதை இங்கே கைதட்டலோடு முடிந்துவிடும். எங்கள் நூல் இன்னும் சிறிது தூரம் போகிறது, ஏனென்றால் பணத்தின் கதை இங்கே முடியவில்லை. முதல் பட்டத்துக்கு மூன்று மாதம் கழித்து, 1972 ஜூன் 23 அன்று, டைட்டில் நைன் என்று அறியப்படும் சட்டப் பிரிவு அமெரிக்காவில் குடியரசுத் தலைவரின் கையெழுத்தோடு சட்டமானது. அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்றது அது. 1973-இல், பெண் விளையாட்டு வீரர்களுக்குக் கல்லூரிகள் உதவித்தொகை தரக் கூடாது என்றிருந்த தடையும் நீங்கியது. பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்தோடு களத்தில் இறங்கின. உதவித்தொகை கொடுத்து ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் போட்டியில் ஒரு சிறு மகளிர் கல்லூரி எத்தனை நாள் நிற்கும்? 1975, 1976 ஆகிய இரண்டு இறுதி ஆட்டங்களிலும் லூசியா ஹாரிஸ் ஆடிய டெல்டா ஸ்டேட்டிடம் இம்மாக்குலாட்டா தோற்றது. 1977-இல் ரஷ் விலகினார். அவருடைய ஏழு பருவங்களின் கணக்கு 149 வெற்றி, 15 தோல்வி. அதன்பிறகு அந்தக் கல்லூரி தேசியப் பட்டத்தின் பக்கம் திரும்பவில்லை.

பெண்கள் விளையாட்டுக்கு நியாயம் செய்த மாற்றமே அந்தச் சின்னஞ்சிறு அணியின் காலத்தையும் முடித்துவைத்தது. இதை ஒரு குறையாக நாங்கள் சொல்லவில்லை. உதவித்தொகையால் படித்து முன்னேறிய பெண்கள் ஏராளம். ஆனாலும் நல்ல சட்டம் வந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி நல்லது நடக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்த அணியில் ஆடியவர்கள் பலர் பின்னாளில் பயிற்சியாளர்கள் ஆனார்கள். தெரசா ஷாங்க், திருமணத்துக்குப் பின் தெரசா கிரென்ட்ஸ், 1982-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணியைப் பட்டத்துக்கும் 1992-இல் அமெரிக்க ஒலிம்பிக் அணியை வெண்கலத்துக்கும் கொண்டு சேர்த்தார். வாளிக் கடைக்காரரின் மகள் ரெனி, பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்தார். ஒருபால் ஈர்ப்புள்ள ஆட்டக்காரர்களை அவர் ஒதுக்கினார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, பல்கலைக்கழகம் விசாரித்து அபராதம் விதித்தது. 2007-இல் பதவி விலகினார். அந்தப் பகுதியையும் நூலில் வைத்திருக்கிறோம். மாணவிகளுக்கான நூலில் இது தேவையா என்று கையெழுத்துப் படியைப் படித்த ஒருவர் கேட்டார். மாணவிகளுக்கான நூல் என்பதால்தான் தேவை என்பது எங்கள் முடிவு.

நூலின் பின்னிணைப்பாகச் சில வெற்றுப் பக்கங்கள் இருக்கும். ஓர் அணி வெளியூர் போக என்னென்ன செலவாகும் என்று மாணவிகளே கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கான பக்கங்கள் அவை: பஸ் கட்டணம், சாப்பாடு, தங்குமிடம், காலணி, முதலுதவி மருந்து, நுழைவுக் கட்டணம். எழுதிய எங்களுக்கே நூலில் மிகப் பிடித்த பகுதி இது என்றால் சிரிப்பீர்கள். தன் அணிக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்து பேசும் பெண்ணைத் தலைமையாசிரியரோ கொடையாளரோ வெறுங்கையோடு அனுப்புவது கடினம்.

இனி எங்கள் கணக்கு. 1,000 பிரதிகள் அச்சிட 1,45,000 ரூபாய். பழைய புகைப்படங்களின் உரிமைக் கட்டணத்துக்கு 60,000. ஆடுகள வரைபடங்களையும் அட்டையையும் வரையும் ஓவியருக்கு 20,000. தபாலுக்கும் கட்டுவதற்கும் 35,000. மொத்தம் 2,60,000. குழு உறுப்பினர்கள் தங்களுக்குள் 70,000 போட்டிருக்கிறோம். மீதி 1,90,000 வேண்டும். எழுதியவர்களும் மெய்ப்புத் திருத்தியவர்களும் ஊதியம் பெறவில்லை. ஓவியர் மட்டும் பெறுகிறார். அவருக்கு அது தொழில். சேவை என்று சொல்லி ஒருவரின் கூலியைக் குறைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

ஒருவரிடமிருந்து 5,000 ரூபாய்க்கு மேல் பெறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். குழுவுக்குள் இதற்குக் கடுமையான எதிர்ப்பு இருந்தது. பெரிய மனது உள்ளவர் ஒருவர் கிடைத்தால் ஒரே நாளில் வேலை முடியுமே என்பது அவர்கள் வாதம். முடியும்தான். ஆனால் அட்டையின் உட்பக்கத்தில் அவருடைய படமும், அடுத்த பக்கத்தில் அவருடைய வாழ்த்துரையும் வந்து உட்காரும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று வாக்கெடுப்பில் தீர்ந்தது. நூறு ரூபாயும் நன்கொடைதான். அதற்கும் ரசீது உண்டு. நூலின் கடைசிப் பக்கத்தில் கொடுத்தவர்களின் பெயர்கள் தொகையின்றி அகர வரிசையில் இடம்பெறும். பெயர் வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிட்டால் போதும்.

தொகை குறைந்தால் வண்ணப் பக்கங்களைக் கருப்பு வெள்ளையாக்குவோம். பிரதிகளைக் குறைக்க மாட்டோம். மிஞ்சினால் கூடுதலாக அச்சிட்டு இலங்கையின் தமிழ்ப் பள்ளிகளுக்கும் அனுப்புவோம். வேறு எதற்கும் ஒரு ரூபாய்கூடத் திருப்பப்படாது. வரவு செலவு அறிக்கை, அச்சக ரசீதின் படியுடன், கொடுத்த ஒவ்வொருவருக்கும் வரும்.

வரும் மார்ச் 19-க்குள் நூல் பள்ளிகளைச் சென்றடைய வேண்டும் என்பது திட்டம். அச்சகத்துக்கு ஆறு வாரம் தேவைப்படும். ஆகவே ஜனவரி இறுதிக்குள் உங்கள் பங்கு வந்து சேர்ந்தால் உதவியாக இருக்கும். குழுவின் கணக்கு விவரமும் பொருளாளரின் தொடர்பும் இத்துடன் வரும் தனித்தாளில் உள்ளன. பணம் அனுப்பியதும் பெயரையும் தொகையையும் பொருளாளருக்கு ஒரு வரியில் தெரிவியுங்கள். பெயரில்லாமல் வரும் பணத்துக்கு ரசீது எழுத முடியாமல் அவர் தவித்துப்போகிறார்.

பணம் தர வாய்ப்பில்லாதவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் ஊரில் மாணவிகள் கூடைப்பந்து ஆடும் பள்ளி இருந்தால், அதன் முழு முகவரியையும் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஆசிரியர் இல்லாத பள்ளிகளுக்கு நூலை நேரடியாக அணித்தலைவியின் பெயருக்கே அனுப்ப ஏற்பாடு செய்கிறோம்.

அன்புடன்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்