1955-இல் பிறந்தவர்களையும் கணக்கில் எடுங்கள்

போலந்து அரசின் மக்கள்தொகைக் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து போலந்துக்கு வந்தவன் நான். படிப்பு முடிந்ததும் இங்கேயே தங்கி, நாட்டின் தெற்குப் பகுதியில் அறுவைச் சிகிச்சை வார்டு ஒன்றில் வேலை பார்க்கிறேன். இந்த மடல் போலிஷ் மொழியிலும் உங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. இங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன். நாளை இதே வார்டுகளில் அவர்களும் நிற்கக்கூடும்.

நாட்டின் மக்கள்தொகை நிலைமை குறித்து ஆண்டுதோறும் அறிக்கை தயாரித்துப் பிரதமருக்கு ஆலோசனை சொல்கிற அமைப்பு உங்களுடையது. அந்த அறிக்கை வெளியானதும் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வருவது பிறப்பு எண்ணிக்கைதான். அதற்குக் காரணம் இருக்கிறது. 2017-இல் 4,02,000 குழந்தைகள் பிறந்தன, 2023-இல் 2,72,000. அதே 2023-இல் இறந்தவர்கள் ஏறத்தாழ 4,09,000. 2016 ஏப்ரலில் குழந்தைக்கு மாதம் 500 ஸ்வோட்டி (போலந்து நாணயம்) கொடுக்கத் தொடங்கினார்கள். 2024-இல் அது 800 ஆனது. இன்று ஆண்டுக்கு 6,000 கோடி ஸ்வோட்டிக்கும் மேல் இதற்குப் போகிறது. குழந்தைகளின் வறுமை குறைந்தது, அது பெரிய நன்மை, யாரும் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.29 ஆக இருந்த பிறப்பு விகிதம் 2017-இல் 1.45 வரை ஏறி, 2023-இல் 1.16-க்கு இறங்கிவிட்டது. இதைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி.

உங்கள் அட்டவணைகளில் 1955-ஆம் ஆண்டைப் பாருங்கள். அந்த ஒரே ஆண்டில் போலந்தில் ஏறத்தாழ 7,90,000 குழந்தைகள் பிறந்தன. போர் முடிந்து, இடிந்த ஊர்களைக் கட்டிக்கொண்டிருந்த காலம். வீடு நிறையப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஏறத்தாழ 70 வயது. அவர்களுக்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள் பிறந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு பெரிய கூட்டம். பெருங்குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, பித்தப்பைக் கல், இரைப்பைப் புற்று என்று வயிற்றைத் திறக்க வேண்டி வரும் நோய்களெல்லாம் கூடுகிற வயது அது. எங்கள் வார்டுக்கு அடுத்த பதினைந்து ஆண்டுகளில் யார் வரப்போகிறார்கள் என்பது உங்கள் அலமாரியில் 1955-லிருந்தே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அவர்களில் எத்தனை பேர் ஆபரேஷனுக்குப் பிறகு 30 நாள், 90 நாள், ஓராண்டு உயிரோடு இருக்கிறார்கள்? எத்தனை பேருக்குக் குடல் தையல் கசிந்து மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது? எத்தனை பேர் சொந்த வீட்டுக்குத் திரும்பினார்கள், எத்தனை பேர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார்கள்? இவற்றை வயதுவாரியாக, மாகாணவாரியாகச் சேர்த்து, மக்கள்தொகைக் கொள்கை வகுப்பவர்களின் மேசையில் ஆண்டுதோறும் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இதைப் போலந்தால் செய்ய முடியுமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. குடல் மருத்துவத்தில் இதை ஏற்கெனவே செய்து காட்டிய நாடு இது. 2000-இல் நாடு தழுவிய கொலனோஸ்கோப்பி (குழாய் விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) பரிசோதனைத் திட்டத்தை இங்கே தொடங்கினார்கள். அந்தப் பதிவுகளை வைத்து வார்சாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரையை உலகம் முழுக்கக் குடல் மருத்துவர்கள் படித்தார்கள். 186 மருத்துவர்கள், 45,026 பேருக்குச் செய்த பரிசோதனைகள். கேட்ட கேள்வி எளிமையானது: ஒரு மருத்துவர் தான் பரிசோதிக்கும் நூறு பேரில் எத்தனை பேரிடம் அடினோமா என்ற, பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய கட்டியைக் கண்டுபிடிக்கிறார்? நூற்றுக்கு இருபதுக்கும் குறைவாகக் கண்டுபிடித்தவர்களிடம் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு, ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகு புற்றுநோய் வரும் அபாயம் பத்து மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. குழாய் ஒன்றுதான், நோயாளியும் ஒரே மாதிரிதான். பார்க்கிற மருத்துவரைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று எண்ணால் காட்டினார்கள்.

அதோடு நிறுத்தவும் இல்லை. பரிசோதனை மையங்களின் தலைமை மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் கண்டுபிடிப்பு கூடுமா என்று தனியாக ஓர் ஆய்வு நடத்தினார்கள், கூடியது. கண்டுபிடிப்பு எண்ணிக்கை உயர்ந்த மருத்துவர்களிடம் பரிசோதித்துக்கொண்டவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோயும் அதனால் மரணமும் குறைந்தன என்றும் காட்டினார்கள். 2022-இல் வெளியான நார்டிக் (வட ஐரோப்பிய) கொலனோஸ்கோப்பி ஆய்விலும் பங்கேற்றவர்களில் பெரும்பகுதி போலந்து மக்கள். அளந்து, அளந்ததை அளக்கப்பட்டவரிடமே சொல்லி, திருத்தி, மறுபடி அளந்த அந்த வேலைமுறையைத்தான் கத்தி எடுக்கிற எங்களிடமும் கொண்டுவரச் சொல்கிறேன்.

இந்த நாட்டின் அறுவை மரபும் அப்படிப்பட்டதுதான். 1880 நவம்பரில், அன்று பிரஷ்ய ஆட்சியில் இருந்த ஹெல்ம்னோ என்ற ஊரில், அறுவை மருத்துவர் லுட்விக் ரிடிகியர் புற்றுநோயால் அடைபட்ட இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தார். நோயாளி பன்னிரண்டு மணி நேரத்தில் இறந்துபோனார். ரிடிகியர் அதை மறைக்கவில்லை, கட்டுரையாக எழுதி வெளியிட்டார். மறு ஆண்டு இரைப்பைப் புண்ணுக்காக அதே ஆபரேஷனைச் செய்தபோது நோயாளி பிழைத்தார். 1889-இல் கிராகோவில் போலந்து அறுவை மருத்துவர்களின் முதல் மாநாட்டைக் கூட்டியவரும் அவர்தான். தோற்றதையும் எழுதி வைத்த மனிதரிடமிருந்து வருகிற தொழில் இது.

இன்றும் நல்ல ஆய்வுகள் நடக்கின்றன. ஆபரேஷன் ஆன அன்றே நோயாளியை எழுந்து உட்கார வைப்பது, பட்டினி போடாமல் சீக்கிரம் உணவு கொடுப்பது, வலிக்கு மார்ஃபின் வகை மருந்துகளைக் குறைப்பது ஆகியவற்றைச் சேர்த்த விரைவு மீட்பு முறை முதியவர்களுக்கும் ஒத்துவருகிறது என்று கிராகோவின் யாகியெலோனியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வயதை மட்டும் பார்க்காமல் உடல் தளர்ச்சியை அளந்து ஆபரேஷனைத் திட்டமிடுவது பற்றியும் அங்கே ஆய்வு நடக்கிறது. ஆனால் இவையெல்லாம் ஒரு துறை, ஒரு மருத்துவமனை அளவில் நின்றுவிடுகின்றன. மாவட்ட மருத்துவமனையில் நள்ளிரவில் குடல் அடைப்போடு வருகிற 82 வயது மூதாட்டி இந்த ஆய்வுகளில் இல்லை.

மக்கள்தொகைக் கவுன்சிலுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வார்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மலையடிவார கிராமத்துப் பெரியவர் ஒருவருக்குக் குடலை வெட்டி, வயிற்றில் ஸ்டோமா வைத்தோம், அதாவது மலம் வெளியே ஒரு பைக்குள் போகும்படி குடலின் முனையை வயிற்றுத் தோலில் திறந்து வைத்தோம். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வீட்டுக்குப் போகும் முன் பையை மாற்றக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒட்டும் தகட்டில் ஸ்டோமாவின் அளவுக்குச் சரியாக வட்டம் வெட்ட வேண்டும்; பெரிதானால் மலம் பட்டுத் தோல் வெந்துபோகும், சிறிதானால் குடலை இறுக்கும். அவருக்குக் கை நடுங்கியது, வளைந்த கத்தரிக்கோல் வழுக்கியது. நர்ஸ் பொறுமையாக மறுபடி மறுபடி காட்டினார். வீட்டில் யார் உதவுவார்கள் என்று கேட்டால், மனைவி இல்லை, மகன் அயர்லாந்தில், மகள் ஜெர்மனியில். எங்கள் கணக்கில் அவர் நல்லபடியாக டிஸ்சார்ஜ் ஆனவர். அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரிய எந்த வழியும் இல்லை.

2004-இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு வெளிநாடு போன பிள்ளைகளை நீங்கள் எண்ணுகிறீர்கள். அவர்கள் விட்டுப்போன பெற்றோரின் வயிற்றில் நாங்கள் தையல் போடுகிறோம். இரண்டு கணக்கும் ஒரே குடும்பத்தைப் பற்றியவை.

புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. பொதுச் செலவில் நடக்கும் ஒவ்வொரு ஆபரேஷனின் பில்லும் தேசிய சுகாதார நிதியத்துக்குத்தான் போகிறது. ஒவ்வொருவருக்கும் பெசெல் என்ற 11 இலக்க அடையாள எண் இருக்கிறது. இறப்புப் பதிவும் அந்த எண்ணோடுதான் இருக்கிறது. பெயரை நீக்கிவிட்டு இவற்றை இணைத்தால் முதல் கணக்கு கிடைத்துவிடும். தையல் கசிவு, வீடு திரும்புதல் போன்றவற்றை மருத்துவமனைகள் தனியாகப் பதிய வேண்டியிருக்கும். அதற்குப் பணமும் ஆளும் தர வேண்டும். எழுதுவேலையை நர்ஸ்கள் தலையில் கட்டிவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெறும் இறப்பு எண்ணிக்கையை வைத்து மருத்துவமனைகளை வரிசைப்படுத்தினால், தளர்ந்துபோன முதியவர்களைத் தொடவே சர்ஜன்கள் தயங்குவார்கள். நோயாளி எந்த நிலையில் வந்தார், அவசரமாக வந்தாரா, தேதி குறித்து வந்தாரா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். முதல் சில ஆண்டுகளுக்கு அந்தந்த மருத்துவமனையின் எண்ணை அந்த மருத்துவமனைக்கு மட்டும் காட்டினால் போதும். பொதுமக்களுக்கு மாகாண அளவிலான எண்களை வெளியிடலாம்.

உங்கள் அடுத்த ஆண்டறிக்கையில் 65 வயதைத் தாண்டியவர்களின் வயிற்று அறுவைச் சிகிச்சை முடிவுகளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். முதல் ஆண்டில் அதில் 30 நாள், 90 நாள் இறப்பு மட்டும் இருந்தாலும் சரி. போலந்து அறுவை மருத்துவர்கள் சங்கத்தையும் சுகாதார நிதியத்தையும் மத்திய புள்ளியியல் அலுவலகத்தையும் ஒரே மேசைக்கு அழைக்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறது. அழைத்தால், விவரம் திரட்டும் வேலையில் என் பங்கைச் செய்ய நான் தயார். என்னைப் போன்ற வார்டு மருத்துவர்கள் இன்னும் பலரும் வருவார்கள்.

இப்படிக்கு,
தெற்குப் போலந்திலிருந்து ஒரு தமிழ் மருத்துவர்